வரப்பில் வழுக்காத கண்

பொங்கல் மலர்களில் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு: பச்சை வயல், நடுவே வளைந்து போகும் வரப்பு, அதன் கடைசியில் ஒரு ஆள். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில், சம்பா காலத்தில், இதை எங்கே நின்றும் எடுக்கலாம். கோடு கண்ணை இழுத்துக்கொண்டு போகும் என்பது படமெடுக்கக் கற்றுத் தருபவர்களின் முதல் பாடம்.

கண் அப்படிப் போவதில்லை. நகரும் பொருளைத் தொடரும்போதுதான் விழி வழுக்கிக்கொண்டு நகரும். அசையாத கோட்டின் மேல் அதனால் ஊர முடியாது. தாவி, நின்று, மறுபடி தாவும், நொடிக்கு மூன்று முறை போல. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகக் காண்பது கிட்டத்தட்ட அவ்வளவு அகலத்தைத்தான். மீதியெல்லாம் மங்கல். அந்த மங்கலில் எது தனித்துத் தெரிகிறதோ அங்கேதான் அடுத்த தாவல். பொருள்கள் நெருங்கி நின்றால் ஓரப்பார்வைக்குப் பிரித்தறியத் தெரியாது. சேற்று வயலில் நிற்கும் ஒற்றைக் கொக்கு உடனே படும். வரப்பில் அடுக்கிய வெள்ளை உரச்சாக்குகளுக்கு நடுவே நின்றால் தேட வேண்டும்.

ஆக, வரப்பு இழுக்கவில்லை. சுற்றிலும் ஒரே மாதிரிப் பயிர் என்பதால் கடைசியில் நிற்கும் ஆளுக்குப் போட்டியில்லை, அவ்வளவுதான். அவர் முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

காவிரி டெல்டாவுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சமதரையில் அடிவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் ஓடும். ஐந்தடி உயரத்தில் பிடித்தால், பக்கத்தில் நிற்பவரையும் அரை மைல் தள்ளி நிற்பவரையும் அது ஐந்தடியில்தான் வெட்டும். பனையும் தென்னையும் மின்கம்பமும் வரிசை கட்டுவது அந்தக் கோட்டில். ஆளின் தலை அந்த நெரிசலில் தொலைந்துபோகும். வரப்பில் குந்தி எடுத்தால் தலை வானத்துக்கு ஏறிவிடும். டிராக்டர் மேலோ முள்ளியாற்றுப் பாலத்திலோ ஏறி நின்று எடுத்தால் ஆள் முழுசாகப் பச்சைக்குள் இறங்கிவிடுவார். நடவுப் படம் யார் எடுத்தாலும் ஓரளவு தேறிவிடுவது இதனால்தான்: பெண்கள் குனிந்திருப்பதால் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள், போதாததற்குப் பச்சை நாற்றுக்குப் பக்கத்தில் சிவப்புச் சேலை.

படத்தை மூன்றாகப் பிரிக்கும் விதி 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் எழுதி வைத்தது. பழகுவதற்கு நல்லது, அதற்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை. விதி நடுவைத் தவிர்க்கச் சொன்னாலும், திரையில் படம் வந்ததும் கண் பெரும்பாலும் நடுவில்தான் விழுகிறது.

படமெடுப்பவரின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. சோவியத் விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் யார்பஸ், ரஷ்ய ஓவியர் ரேபினின் ஓவியமொன்றை ஒரே ஆளிடம் காட்டி வெவ்வேறு கேள்வி கேட்டார். அதில் இருப்பவர்களின் வயதைக் கேட்டால் பார்வை முகங்களுக்குப் போயிற்று. குடும்பத்தின் வசதியைக் கேட்டால் வீட்டுச் சாமான்களுக்கு.

பார்ப்பவரின் நோக்கத்தை நம்பியே எடுத்த படமும் உண்டு. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்துச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அதில் நாயகனும் இல்லை, வெற்றிடமும் இல்லை. படிக்க வருபவருக்காக எடுத்தது. எழுத்து தெரிந்தவர் கண் வரி பிடித்துப் போகும்.

பத்திரிகையில் யார்பஸின் கேள்வி செய்த வேலையைப் படக்குறிப்பு செய்கிறது. நடவுப் படத்தின் கீழே கூலியைப் பற்றி எழுதினால் வாசகர் முகத்தைப் பார்ப்பார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் வாய்க்காலைத் தேடுவார்.