சொன்ன குரல், விளக்கும் குரல்

1979 பிப்ரவரி 18க்கு முன்பு அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தை முழுமையாக, நேரடியாகத் தொலைக்காட்சியில் யாரும் பார்த்ததில்லை. வெட்டித் தொகுத்த காட்சிகளோ கடைசிப் பகுதியோதான் வரும். அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒளிபரப்பியது. நாட்டின் வடகிழக்கில் பனி கொட்டியதால் வீட்டுக்குள் முடங்கிய லட்சக்கணக்கானோர் ஸ்டாக் கார் பந்தயத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு வர்ணனை சொன்னவர் கென் ஸ்குவயர். வெர்மான்ட் மாநிலத்தின் சிறிய பந்தயத் திடல்களில் மைக் பிடித்துப் பழகியவர்.

கடைசிச் சுற்று. முன்னணியில் டானி ஆலிசன், ஒட்டியபடியே கேல் யார்பரோ. இருவரும் உரசி, மூன்றாவது வளைவில் சுவரில் மோதி நின்றார்கள். வெகு தூரம் பின்தங்கியிருந்த ரிச்சர்ட் பெட்டி திடீரென்று முதலிடத்துக்கு வந்துவிட்டார். அவரை நெருங்கி வந்தார் டாரல் வால்ட்ரிப். யார் நின்றார், யார் ஓடுகிறார், யார் முந்துகிறார் என்பதை ஸ்குவயர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டி வென்ற பிறகு, மோதி நின்றவர்கள் புல்தரையில் கைகலப்பில் இறங்கியதையும் அவரே சொன்னார். கார் பந்தயமே அறியாதவருக்கும் புரிந்தது.

1980களில் இந்தப் பந்தயங்களை ஒளிபரப்ப இஎஸ்பிஎன்னும் வந்தது. பாப் ஜென்கின்ஸ் போன்ற தொழில்முறை வர்ணனையாளரின் பக்கத்தில் பென்னி பார்சன்ஸ், நெட் ஜாரெட் போன்ற முன்னாள் சாம்பியன்கள் அமர்ந்தார்கள். 1993 டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட்டை முந்தி வென்றவர் நெட் ஜாரெட்டின் மகன் டேல். அன்று சிபிஎஸ் வர்ணனை அறையிலிருந்த தந்தை, கடைசிச் சுற்றில் மகனுக்கே வழி சொல்வதுபோல் பேசினார். நடுநிலை தவறிவிட்டது என்று யாரும் குறை சொல்லத் தோன்றாத நிமிடம் அது.

2001இல் ஃபாக்ஸ் நுழைந்தது. மைக் ஜாயுடன் வால்ட்ரிப்பும், எர்ன்ஹார்ட் அணியின் முன்னாள் தலைமை மெக்கானிக் லாரி மெக்ரெனால்ட்ஸும் சேர்ந்தார்கள். மீண்டும் அதே பிப்ரவரி 18, அதே டேடோனா 500. வால்ட்ரிப்பின் தம்பி மைக்கேல் வென்றார். கடைசி வளைவில் சுவரில் மோதிய எர்ன்ஹார்ட் இறந்தார். தம்பிக்காக ஆர்ப்பரித்த அதே குரல், அடுத்த கணமே எர்ன்ஹார்ட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலையில் இறங்கியது. காருக்குள் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த மோதலின் கனம் உடனே தெரியும்.

அன்று இரண்டாவதாக வந்தவர் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஜூனியர். 1979இல் இரண்டாவதாக வந்த வால்ட்ரிப்பைப் போலவே, அவரும் 2018இல் வர்ணனை அறைக்கு வந்துவிட்டார்.

இன்று காருக்குள் கேமரா இருக்கிறது. ஓட்டுநரும் அணியும் ரேடியோவில் பேசுவதும் கேட்கிறது. என்ன நடந்தது என்பதைத் திரையே காட்டிவிடும். ஏன் நடந்தது என்பதற்குத்தான் ஆள் வேண்டும்: தேய்ந்த டயர், முன்னால் போகும் காரின் காற்று, எரிபொருள் கணக்கு. 2025 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ், என்பிசி, அமேசான், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என நான்கு நிறுவனங்கள் இந்தப் பந்தயங்களின் ஒளிபரப்பு உரிமையைப் பங்கிட்டிருக்கின்றன. ஒரே பருவத்தில் குரல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

விளக்கம் வளர்ந்தது பெரிய லாபம்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய அறைகளில் பந்தயத்தை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காகவே பேச்சு அதிகம் நடக்கிறது. முதல்முறை பார்ப்பவரையும் கைப்பிடித்து அழைத்துப்போவது ஸ்குவயரின் வித்தை. முன்னாள் ஓட்டுநர் எத்தனை பேர் இருந்தாலும், அந்த வித்தை தெரிந்த ஒருவருக்கு அந்த அறையில் கட்டாயம் நாற்காலி வேண்டும்.