ஸ்டார்ட்டரை மாற்றுமுன் பற்றரியைப் பாருங்கள்

முல்லைத்தீவில் சுபஹுக்குப் பின் மீன் ஏற்றிய லொறி ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஐஸ் கரையும், வியாபாரியின் முதலும் கரையும். அந்த அவசரத்தில் யாராவது "ஸ்டார்ட்டர் போய்விட்டது" என்றால் உடனே புதிது வாங்கிவிடுகிறோம். நான் கண்டவரை, கரையோர வாகனங்களில் பல தடவை பழுது ஸ்டார்ட்டரில் இல்லை. உப்புக் காற்றில் பூத்துப்போன பற்றரி முனையிலும் எர்த் வயரிலும்தான்.

சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைக் கவனியுங்கள். வெளிச்சம் மங்கி 'டிக் டிக்' என்று தொடர்ந்து கேட்டால் பற்றரி பலவீனம், அல்லது முனை இளக்கம். வெளிச்சம் குறையாமல் ஒரேயொரு 'டக்' என்றால் சொலனொயிட்டின் செம்புத் தொடுமுனையோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 12 வோல்ட் பற்றரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும், ஸ்டார்ட் அடிக்கையில் 10க்கு மிகக் கீழே போகக்கூடாது. 24 வோல்ட் லொறிக்கு இரட்டிப்பாகப் பாருங்கள்.

பிரஷ்ஷும் தொடுமுனையும் மாற்றினாலே பல மோட்டார்கள் மீண்டும் சுற்றும். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய வன்னி மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

மாற்றியே ஆகவேண்டுமானால் முதலில் பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிளைவீல் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை உடைந்திருந்தால் புது மோட்டாரும் கடிக்காது. பழைய மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள செம்புக்கும் விலை உண்டு.