ஆலைப் பணியும் அருள்வாழ்வும்



திருப்பலியின் முடிவில் குரு நம்மை ஆசீர்வதித்து அனுப்பி வைக்கிறார். எங்கே அனுப்புகிறார்? வீட்டிற்கு மட்டுமல்ல, மறுநாள் நாம் ஏறப்போகும் கம்பெனி பஸ்ஸுக்கும், அது நம்மை இறக்கிவிடும் ஆலைக்கும் சேர்த்துத்தான் அனுப்புகிறார். ஆனால் நம்மில் பலர் ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழையும்போது, விசுவாசத்தை வெளியே விட்டுவிடுகிறோம். "கோயில் காரியம் வேறு, வேலை வேறு" என்பது நம் எண்ணம். நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான இந்தப் பிளவை, நம் காலத்தின் பெரிய தவறுகளுள் ஒன்றாகவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எடுத்துக்காட்டியது ('இன்றைய உலகில் திருச்சபை', எண் 43).

இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், இன்று காருக்கும் செல்பேசிக்கும் பெயர் பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கே விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். இவர்கள் கிறிஸ்தவராக வாழ்வது எப்படி? மெஷின் மேல் திருவுருவப் படம் ஒட்டினால் போதுமா?

யோர்தான் ஆற்றங்கரையில் மக்கள் திருமுழுக்கு யோவானிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் (லூக்கா 3:10-14). வரி தண்டுவோரிடம் அவர் "வேலையை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வாருங்கள்" என்று சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்க வேண்டாம் என்றார். படைவீரரிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம் என்றார். அவரவர் வேலையையே மனமாற்றத்தின் இடமாகக் காட்டினார். நம் ஆலை வாழ்வுக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, உண்மை. ஒவ்வொரு சோதனையையும் செய்து முடித்து, படிவத்தில் 'டிக்' போட வேண்டும். ஷிப்டு முடியும் நேரத்தில் இலக்கு எட்டாதபோது, சோதிக்காமலே 'டிக்' போடும் சோதனை நமக்கு வருகிறது. சூப்பர்வைசர் பார்ப்பதில்லை. ஆனால் சரியாக முடுக்கப்படாத அந்தப் போல்ட் ஒரு பிரேக்கில் இருக்கலாம். அந்த வண்டியில் ஒரு குடும்பம் பயணம் செய்யும். அவர்களை நாம் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. எனினும் அவர்கள் நமக்கு அடுத்திருப்பவர்களே. மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காகவே செய்வதுபோல் உளமாரச் செய்யச் சொல்லும் பவுலடியார் (கொலோசையர் 3:23), கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லாவுடன் கூடாரம் செய்து பிழைத்தவர் (திருத்தூதர் பணிகள் 18:3). கைவேலை என்னவென்று அறிந்தே அவர் பேசுகிறார்.

இரண்டாவது, நீதி. ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்வார்கள். சம்பளம் ஒன்றாக இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயராவது நமக்குத் தெரியுமா? நம் தவறை அவர் தலையில் கட்டாமல் இருக்கிறோமா? தமிழ் தெரியாத வடமாநிலத்துத் தம்பியைக் கேலி செய்யாமல் இருக்கிறோமா?

படைவீரரிடம் யோவான், கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருக்கவும் சொன்னாரே என்று சிலர் கேட்கலாம். ஆயுதம் ஏந்தி ஏழைகளிடம் பறித்தவர்களுக்குச் சொன்ன அறிவுரை அது. உழைப்பாளியின் வாயை அடைக்கச் சொன்னதல்ல. கொடுக்கப்படாத கூலியின் கூக்குரல் கடவுளின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (5:4). திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் எழுதிய 'லாபோரெம் எக்சர்சென்ஸ்' சுற்றுமடலும் நியாயமான கூலியையும், சங்கமாகச் சேரும் உரிமையையும் தெளிவாக ஆதரிக்கின்றன.

இவை நமக்குத் தூரத்துச் செய்திகள் அல்ல. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்திற்கும் மேலாக சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் அங்கீகாரத்திற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. இத்தகைய நேரங்களில் வெறுப்பும் வன்முறையும் இன்றி உண்மையின் பக்கம் நிற்பது விசுவாசத்திற்குப் புறம்பானதல்ல. மேலாளர் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவருக்கும் இது பொருந்தும்: தமக்குக் கீழே இருப்பவரின் குரலுக்குச் செவிகொடுப்பது அவரது கடமை.

மூன்றாவது, ஓய்வு. ஞாயிறு ஷிப்டு விழும்போது பலர் குற்ற உணர்வால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலை விட்டே விலகிவிடுகிறார்கள். முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது (எண் 1248). அதற்கும் வழியில்லாதபோது, தனியாகவோ குடும்பமாகவோ இறைவேண்டலில் நேரம் செலவிட அது ஊக்குவிக்கிறது. பங்குத்தந்தையிடம் நம் நிலையைச் சொல்லலாம். ஆனால் கட்டாயமில்லாத ஓவர்டைமை நாமே கேட்டு வாங்கி, ஆண்டவருக்கும் பிள்ளைகளுக்கும் நேரமில்லை என்று சொல்வது வேறு. நோக்கியா ஆலை 2006-இல் வந்தது, 2014-இல் மூடப்பட்டது; பல்லாயிரம் பேரின் வேலை பறிபோனது. அவர்களுடைய மாண்பு பறிபோகவில்லை. மனிதருக்காகவே வேலை, வேலைக்காக மனிதர் அல்ல என்பது திருச்சபையின் போதனை. ஓய்வுநாள் நமக்கு நினைவூட்டுவதும் இதையே.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். அந்த யோசேப்பின் பட்டறையில்தான் இறைமகன் பெரும்பாலான ஆண்டுகளைக் கழித்தார். அங்கே அவர் புதுமைகள் செய்ததாக நற்செய்தி எதுவும் கூறவில்லை. மக்கள் அவரைத் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3). நம் எட்டு மணி நேரமும் இறைவனுக்கு உகந்த காணிக்கையாக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

செபிப்போம்: நாசரேத்தில் உழைத்த ஆண்டவரே, எங்கள் கைகளுக்கு உண்மையையும், எங்கள் நாவுக்குத் துணிவையும், அருகில் நிற்பவரைச் சகோதரராய்க் காணும் கண்களையும் தாரும். ஆமென்.