மாதிரி இருப்புப் பாதையை வெட்டுதலும் திருத்தலும்

நீலகிரி மலை ரயில் ஓடும் பாதை ஒரு மீட்டர் அகலமுடையது. அதனை 22.5 மடங்கு சுருக்கினால் அகலம் 44.4 மில்லிமீட்டராகும். 45 மி.மீ. அகலமுள்ள மாதிரிப் பாதை ஐரோப்பாவில் நெடுநாளாகவே வழங்கி வந்தது. 1968 இல் ஜெர்மனியிலுள்ள நியூரம்பெர்க் நகரின் லேமன் நிறுவனம் அவ்வகலத்தையே மீட்டர் பாதையாகக் கொண்டு, எல்.ஜி.பி. என்னும் பெயரில் 1:22.5 அளவுள்ள வண்டிகளை வெளியிட்டது. மழையையும் வெயிலையும் தாங்கி வீட்டுத் தோட்டத்தில் ஓடக்கூடியவை இவை. 2007 முதல் இப்பெயர் மார்க்லின் நிறுவனத்தின் வசம் உள்ளது.

இப்பாதை குறிப்பிட்ட அளவுள்ள துண்டுகளாகவே கிடைக்கின்றது. நேர்த்துண்டின் நீளம் 300 மி.மீ.; மிகச் சிறிய வளைவின் ஆரம் 600 மி.மீ.; அத்தகைய வளைவுத் துண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு வட்டம் முற்றுப்பெறும். ஆனால் நம் முற்றமும் தோட்டமும் இவ்வளவுகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பாதை சுற்றி வந்து சேருமிடத்தில் விரற்கடை அளவு இடைவெளி எஞ்சும்போது, பலரும் துண்டுகளை இழுத்து நெருக்கிப் பொருத்திவிடுகின்றனர். அவ்விடத்திலேயே பின்னர் எஞ்சின் தடம் புரளும். உரிய நீளத்திற்கு ஒரு துண்டை வெட்டிச் சேர்ப்பதே நேரிய வழி.

தண்டவாளம் பித்தளையாலானது, அதன் உயரம் 8.4 மி.மீ. அதனை வெட்ட, அங்குலத்திற்கு 32 பற்களுள்ள ஹாக்சா பிளேடு ஏற்றது. உலோகத்தின்மீது எப்போதும் மூன்று பற்களேனும் படிந்திருக்கவேண்டும் என்பது பட்டறை விதி. தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அறுத்தால், அதன் மெல்லிய நடுப்பகுதியில் மூன்று பற்கள் படிவது அரிது. பல் சிக்கி, வெட்டு கோணலாகும். பக்கவாட்டில் கிடத்தி அறுத்தாலோ, முழு உயரத்திலும் ஏறக்குறைய பத்துப் பற்கள் ஒருங்கே படியும். ஆகவே பிளாஸ்டிக் சிலீப்பர் கட்டைகளிலிருந்து தண்டவாளங்களை முதலில் உருவி எடுத்துக்கொள்க. நேர்த்துண்டாயின் இரண்டையும் சேர்த்து வைஸில் பிடித்து ஒரே வெட்டாக அறுக்கலாம், நீளம் வேறுபடாது. வேகமாகச் சுழலும் மின்சார வெட்டுச் சக்கரம் விரைவில் வேலையை முடிக்கும் என்பது உண்மையே. எனினும் அச்சக்கரம் உடைந்து தெறிக்கக்கூடியது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியின்றி அதனைத் தொடலாகாது. மாணவர் கையில் அதனைக் கொடுப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

வளைவுத் துண்டை வெட்டுவதிலேதான் கணிதம் புகுகின்றது. வெட்டு வட்டத்தின் மையத்தை நோக்கி அமையவேண்டும். 30 பாகை கொண்ட துண்டை இரண்டாக்கினால், உட்புறத் தண்டவாளம் 151.2 மி.மீ., வெளிப்புறத் தண்டவாளம் 163.0 மி.மீ. நீளமிருக்கும். வேறுபாடு 11.8 மி.மீ. இவ்வேறுபாடு பாதையின் அகலத்தையும் கோணத்தையும் மட்டுமே பொறுத்தது. ஆரம் எவ்வளவாயினும் மாறாது. முழு வட்டத்திற்கு அது 283 மி.மீ.; மேசைமேல் அமைந்த வட்டத்திற்கும், ஊரையே சுற்றிவரும் வட்டத்திற்கும் அதுவே. வகுப்பறையில் இதனைக் கயிறு கொண்டு அளந்து காட்டினால் மாணவர் வியப்புறுவர். நடைமுறையில் கோணமானிகூட வேண்டுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு வேண்டுமாயின், ஒவ்வொரு தண்டவாளத்தையும் அதனதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் வெட்டினாற் போதும். வெட்டுகள் தாமாகவே மையத்தை நோக்கி அமையும்.

வெட்டிய முனையிலுள்ள பிசிறை அரத்தால் நீக்குக. தலைப்பகுதியின் உள்விளிம்பைச் சிறிது சாய்வாக அராவிவிட்டால், சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறாது. இணைப்புக்குத் திருகாணி கொண்டு இறுக்கும் பித்தளைப் பிடிகள் சிறந்தவை. பற்றவைக்க முற்பட்டால் அருகிலுள்ள பிளாஸ்டிக் கட்டைகள் உருகக்கூடும்.

இறுக்கமான இணைப்புக்கு ஒரு பகை உண்டு, அது வெயில். வெப்பநிலை 30 சென்டிகிரேடு பாகை உயர்ந்தால், 10 மீட்டர் நீளமுள்ள பித்தளைத் தண்டவாளம் 5.7 மி.மீ. நீள்கின்றது. இஃது அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் இரு முனைகளும் அசையாதபடி இறுகியிருந்து, பாதை முழுதும் ஒரே வில்லாக வளைய நேர்ந்தால், நடுவிடம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும்! சிறு நீட்சி பெரிய விலகலாக மாறும் இவ்வியல்பே பெரிய ரயில் பாதைகளும் கோடையில் நெளிவதற்குக் காரணம். 300 மி.மீ. துண்டுகளை வெறுமனே செருகி இணைக்கும்போது, ஒவ்வோர் இணைப்பும் 0.17 மி.மீ. விட்டுக்கொடுத்தாற் போதும். பிடிகளால் இறுக்கிய பாதையிலோ, சில மீட்டருக்கு ஒருமுறை நழுவும் இணைப்பொன்றை வேண்டுமென்றே வைத்து, மின்னோட்டம் தடைப்படாதிருக்க அதன் இருபுறத்தையும் வளையும் கம்பியால் சேர்க்கவேண்டும். காலைக் குளிரில் வெட்டிப் பொருத்துவோர் நண்பகல் வெப்பத்தை மனத்திற்கொண்டு இடைவெளி விடுவார்களாக.

இன்னொரு திருத்தம் மின்சாரத்தைப் பற்றியது. மின்மாற்றியிலிருந்து வரும் குறைந்த அழுத்த மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் சென்று மற்றொன்றில் திரும்புகின்றது. பாதை கண்ணிபோல் சுற்றிவந்து தன்னோடு தானே இணையுமானால், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படும். இதனைத் தவிர்க்க, கண்ணியின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, உட்பகுதிக்குத் தனியே மின்சாரம் தரவேண்டும். உட்பகுதி, ஓடவிருக்கும் வண்டித் தொடரைவிட நீளமாயிருப்பது அவசியம். இவ்வெட்டுகளில் இடைவெளியை வெறுமையாக விடலாகாது. நண்பகலில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைச் செருகி, தண்டவாளத்தின் வடிவிற்கு அரத்தால் சீராக்கிவிடுக.