பழைய காரின் அதிர்வு தாங்கிகள்

திருமணமோ, குலதெய்வப் படையலோ, பொங்கலோ நெருங்கும்போதெல்லாம், வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இரயிலில் இடம் கிடைக்கவில்லை, நம் காரிலேயே ஊருக்குப் போய்விட்டால் என்ன?" என்பதே அப்பேச்சு. நெடுஞ்சாலைகள் நன்கு அகன்றுவிட்ட இந்நாளில் அது தவறான எண்ணமும் அன்று. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த ஒரு காரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்கையில், எஞ்சினைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், டயரில் காற்றைப் பார்க்கிறோம். சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே மறைந்திருந்து உழைக்கும் அதிர்வு தாங்கிகளை மட்டும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

என் மைத்துனர் ஒருவர் புனேயில் பல்லாண்டுகளாக வசித்து வருகிறார். ஓர் ஆடி மாதத்தில், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் உள்ள குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் புறப்பட்டார். கோலாப்பூர் தாண்டியதும் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அவருடைய தாயார், "ஏன் தம்பி, போன வருஷம் வண்டி இப்படித் தொட்டில் மாதிரி ஆடவில்லையே!" என்றார். "சாலை சரியில்லை, அம்மா" என்று மைத்துனர் விடை கூறிவிட்டார். பெலகாவிக்கு அருகே நல்ல மழை. பாலம் ஒன்றின் இணைப்பில் சக்கரங்கள் ஏறி இறங்கிய அதே வேளையில், முன்னே சென்ற லாரி வேகம் தளர்ந்தது. மைத்துனர் பிரேக்கை மிதித்தார். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. பின்பக்கம் ஒருபுறமாக அசைந்தது. லாரிக்கு ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது. எவருக்கும் தீங்கில்லை. ஹூப்ளியில் ஒரு பட்டறையில் வண்டியை உயர்த்திப் பார்த்தபோது, முன்சக்கரத் தாங்கிகள் இரண்டிலும் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தது. பிரேக்கில் குறையே இல்லை.

நாள்தோறும் ஓட்டிய மகனுக்குத் தெரியாதது, ஆண்டுக்கு ஒருமுறை அமரும் தாய்க்கு எவ்வாறு தெரிந்தது? இதில்தான் இவ்விஷயத்தின் மர்மம் அடங்கியிருக்கிறது. அதிர்வு தாங்கி ஒரே நாளில் பழுதாவதில்லை. அணு அணுவாகத் தேய்கிறது. வண்டியின் ஆட்டம் வளர வளர, ஓட்டுநரின் கையும் காலும் அதற்குத் தக்கபடி தம்மை மாற்றிக்கொண்டு விடுகின்றன. கெட்டுப்போனது அவருக்கு இயல்பாகவே தோன்றுகிறது.

இனி, இக்கருவி செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். பெயரைக் கேட்டு, வண்டியின் பாரத்தை இதுவே சுமக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பாரத்தைச் சுமப்பது வில், அதாவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த அதிர்ச்சியை முதலில் ஏற்பதும் வில்லே. ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை அமுக்கிவிட்டால், தானாக எளிதில் அடங்காது. நம் வீட்டு ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை உந்திவிட்டால் நெடுநேரம் ஆடும். காலைத் தரையில் ஊன்றினால் உடனே நிற்கும். வில் என்பது ஊஞ்சல்; அதிர்வு தாங்கி என்பது தரையில் ஊன்றும் கால்.

அதன் உள்ளமைப்பு எளியது. எண்ணெய் நிறைந்த உருளை ஒன்று. அதனுள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்று. பிஸ்டனில் மிக நுண்ணிய துளைகளும் வால்வுகளும் உள்ளன. சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு பாய வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நாளடைவில் எண்ணெயைக் காக்கும் ரப்பர் அடைப்பு தேய்கிறது, வால்வுகள் தளர்கின்றன, எண்ணெயின் குணமும் குன்றுகிறது. ஊன்றிய கால் வழுக்கத் தொடங்குகிறது.

வழுக்கினால் என்ன நேரும்? சாதாரணக் காரின் உடல், வில்லின் மேல் ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 20 மீட்டர் கடக்கிறது. நல்ல தாங்கியுள்ள வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்கிவிடும். தேய்ந்த தாங்கியுள்ள வண்டி மூன்று முறை ஆடினால், 60 மீட்டர் தூரத்துக்குச் சக்கரங்கள் தரையை ஒரு கணம் அழுத்தியும், மறுகணம் தளர்த்தியும் செல்கின்றன. டயர் தரையை அழுத்தினால்தான் அதற்குப் பிடிப்பு உண்டு. ஆகவே, அந்த 60 மீட்டருக்குள் பிரேக்கை மிதிக்க நேர்ந்தால், வண்டி நிற்கும் தூரம் நீளுகிறது. மழையில் நனைந்த சாலையாக இருந்தால் சொல்ல வேண்டுவதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், தரையைச் சரிவரத் தொடாத டயருக்குப் பிடிப்பை உண்டாக்கித் தர இயலாது. அதிர்வு தாங்கி சொகுசுக்கு மட்டும் உரியது அன்று, உயிர்க்காவலும் ஆகும்.

நம் நாட்டுச் சாலைகளில் இதற்கு வேலை அதிகம். வேகத் தடைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஓர் அளவு வகுத்திருக்கிறது. 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவு அது. நடைமுறையில், தெருக்காரர் தாமே எழுப்பிய குறுகிய மேடுகளின்மேல் நாம் நாள்தோறும் ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு மேடும் தாங்கியின் ஆயுளில் சிறிது கழிக்கிறது.

முற்காலத்து அம்பாசடரிலும் பத்மினியிலும், பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளே வில்லாக இருந்தன. அதிர்வு தாங்கி தனியே இருந்தது. 1983-ஆம் ஆண்டில் மாருதி 800 வந்தபின், முன்சக்கரங்களில் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு குடும்பக் கார்களிடையே பரவலாயிற்று. இதனை 1940-களில் உருவாக்கியவர் ஏர்ல் மக்ஃபெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலார். இவ்வமைப்பில் சுருள்வில்லும் அதிர்வு தாங்கியும் ஒரே தூணாக இணைந்து, சக்கரம் திரும்புவதற்கு அச்சாகவும் பயன்படுகின்றன. ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ ஆகிய கார்களின் முன்பக்கத்திலும் இதுவே. ஆகவே இவற்றில் முன்தாங்கி தளர்ந்தால், ஆட்டம் மட்டுமன்றித் திசைதிருப்புதலும் கெடுகிறது.

தேய்வை அறியும் வழிகள் சில உண்டு. முதலாவது, தாங்கியின் உடலைப் பார்த்தல். மெல்லிய ஈரப்படலம் இருப்பது குற்றமன்று. எண்ணெய் வழிந்தோடிப் புழுதி சேறுபோல் ஒட்டியிருந்தால் அதன் காலம் முடிந்தது. இரண்டாவது, டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தல். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்பது பொருள். மூன்றாவது, வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுதல். எழுந்து உடனே அமைய வேண்டும். மேலும் மேலும் ஆடினால் தாங்கி ஓய்ந்துவிட்டது. ஆயினும், இச்சோதனையில் தேறிய தாங்கியெல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடலாகாது. நான்காவது, பிரேக்கில் மூக்கு தாழ்தல், திருப்பங்களில் மிகுதியாகச் சாய்தல், பெரிய பஸ் கடந்து செல்லும்போது காற்றில் அலைதல் ஆகியவை.

இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எல்லா வண்டிக்கும் பொதுவான விதி இல்லை. 80,000 கிலோமீட்டர் தாண்டிய காராயின், ஒவ்வொரு சர்வீசிலும் இவற்றைத் தனியே பார்க்கச் சொல்வது நன்று.

பணத்தை வீணாக்காமல் இருக்கவும் ஒரு வார்த்தை. முன்பக்கத்தில் எழும் 'லொடக் லொடக்' என்னும் ஓசைக்கெல்லாம் தாங்கியே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. கீழ்க்கரத்தின் ரப்பர் புஷ், சாய்வைத் தடுக்கும் கம்பியின் லிங்க், ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி மவுண்ட் ஆகியவை தளர்ந்தாலும் அதே ஓசைதான். அவற்றை அசைத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்கிற மெக்கானிக்கை நம்புங்கள்.

மாற்றுவதென்று தீர்மானித்தால், ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால், வண்டி இருபுறமும் இருவிதமாக நடந்துகொள்ளும். டெல்லிப் பட்டறைகளில் இதனை 'ஷாக்கர்' என்பார்கள். பெயர் எதுவாயினும் 'ஜோடி' என்னும் சொல் இந்தியிலும் மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் புரியும். அந்த ஒரு சொல்லை வற்புறுத்திச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே தலைப்பகுதி மவுண்ட், அதன் பேரிங், முட்டுத்தடை ரப்பர், தூசி உறை ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும். பின்னர் இவற்றுக்காக மீண்டும் ஒருமுறை அதே கூலியைத் தர வேண்டியதில்லை. வில் உடைந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்ட்ரட்டில் உள்ள சுருள்வில் எந்நேரமும் அமுங்கிய நிலையிலேயே இருக்கிறது. அதனை அதற்குரிய அமுக்கிக் கருவியால் இருபுறமும் சமமாகக் கட்டிய பின்னரே தலைப்பகுதியின் நடு நட்டைக் கழற்ற வேண்டும். கட்டாமல் கழற்றினால், நூற்றுக்கணக்கான கிலோ பாரத்துக்கு ஒப்பான விசையுடன் வில் பாயும். கயிற்றாலும் கம்பியாலும் கட்டிச் சமாளிக்கும் பட்டறையாக இருந்தால், வண்டியை அங்கே விடாதீர்கள். வீட்டு வாசலில் தாமே செய்து பார்க்க விரும்பும் அன்பர்களும், பின்பக்கத்தில் வில்லும் தாங்கியும் தனித்தனியே உள்ள வண்டியில், பின்தாங்கிகளோடு நிறுத்திக்கொள்வது விவேகம். அதற்கும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகலாகாது. முட்டுத் தாங்கிகள் வேண்டும். சக்கரங்களுக்கு அடைகல் வேண்டும். கழற்றும்போது அச்சு தொங்கிவிடாதபடி கீழே தாங்கல் கொடுக்க வேண்டும்.

வேலை நடக்கையில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். புதிய தாங்கியின் பளபளப்பான தண்டைக் குறடால் பற்றக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அடைப்பு விரைவில் கிழியும். சக்கரத்தின் அடிப்பகுதி, பிரேக் குழாயில் தொங்கக்கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கேறி விரைவில் கெடும்.

டெல்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. ரோடு ஆகிய இடங்களில் உதிரி உறுப்புக் கடைகள் வரிசையாக உள்ளன. எங்கே வாங்கினாலும் முத்திரை கிழியாத பெட்டியும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். பழைய தாங்கிக்கு எண்ணெய் மாற்றி வர்ணம் பூசி விற்பதும் உலகத்தில் உண்டு. வர்ணம் புதிதாயின் வால்வும் புதிதாகிவிடாது. அத்தகைய மலிவு, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வேண்டாம்.

முன்பக்க ஸ்ட்ரட்டை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லையேல், புதிய தாங்கியால் மிச்சமான பணத்தை டயர் தின்றுவிடும். சில நாள் ஓட்டிய பின்னர் சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். இவ்வளவையும் பிரயாணத்துக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரங்களுக்கு முன்பே முடித்துவிட்டால், குறை ஏதேனும் இருப்பின் உள்ளூரிலேயே வெளிப்பட்டுவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. செலவில்லாதது. உங்கள் வண்டியில் அரிதாக ஏறும் ஒருவரை, இயன்றால் வயதில் மூத்த ஒருவரை, பின்னிருக்கையில் அமரச் செய்து, பழக்கமான சாலையில் சிறிது தூரம் சென்று வாருங்கள். "வண்டி எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையைச் சாலையின்மேல் பழிபோட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஹூப்ளியில் அன்று ஜோடியாகப் புதிய தாங்கிகள் பூட்டிப் புறப்பட்ட மைத்துனரின் கார், மறுநாள் கிருஷ்ணகிரியைக் கடந்தபோது, அந்த அம்மையார் பின்னிருக்கையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாராம்.