வெட்டிய பிறகும் மூச்சு விடும் வாழைக்குலை... பழுப்பது எப்படி, கெடுவது எப்படி?

கருங்கல் சந்தையில் ஒரு காய்க்குலை வாங்கி வீட்டில் கட்டித் தொங்கவிடுகிறீர்கள். முதல் சில நாள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சீப்பு மஞ்சளாகும். அப்புறம் பார்த்தால் மொத்தக் குலையும் பழுத்து நிற்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாலும் தீராது!

காரணம் சிம்பிள். வாழையிலிருந்து வெட்டிவிட்டாலும் காய் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் செல்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன.

மூக்கு இல்லாமல் எப்படி?

வாழைக்காய்த் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஆக்சிஜன் உள்ளே போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதும் பெரும்பாலும் அவை வழியாகத்தான். உள்ளே ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, அந்த ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கிறது. மிச்சமாக வருவது கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், கொஞ்சம் சூடு. நம் உடம்பிலும் இதேதான் நடக்கிறது.

ஒரு வித்தியாசம்: வெட்டிய காய்க்கு இனி இலையிலிருந்து சாப்பாடு வராது. சேமிப்பை எடுத்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

திடீரென்று எல்லாம் பழுப்பது ஏன்?

முற்றிய காய் ஒரு கட்டத்தில் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். உடனே சுவாசம் பல மடங்கு எகிறும். காயில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்த மாவுச்சத்து, பழத்தில் ஓரிரு சதவீதமாகக் குறைந்து சர்க்கரையாகிவிடும். ஒரு பழத்தின் எத்திலீன் பக்கத்துக் காயையும் கிளப்பிவிடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, ஏத்தன், செவ்வாழை எதுவானாலும் கதை இதுதான்.

விவசாயிக்கு இது காசு விஷயம். நெருக்கி அடுக்கிய லாரியில் காற்றோட்டம் இல்லையென்றால், காய்களின் சூடும் எத்திலீனும் சேர்ந்து வழியிலேயே பழுக்க வைத்துவிடும். ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் செல்கள் நொதித்தலுக்கு மாறும். சாராய வாடை வருவது அதனால்தான்.

மூட்டம் ஓகே, கார்பைடு?

மூட்டம் போடும்போது புகையில் இருக்கும் எத்திலீன்தான் வேலை செய்கிறது. பழுக்க வைக்கும் அறைகளில் 100 பிபிஎம் வரை எத்திலீன் வாயு பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடுக்கோ தடை. ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவைத் தரும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்படமும் இருக்கலாம்.

"தோல் மஞ்சள், காம்பு பச்சை என்றால் கார்பைடு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். எத்திலீனில் முறையாகப் பழுத்த பழமும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

- காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்ட வேண்டாம்.
- பழுத்த சீப்பை வெட்டித் தனியே வையுங்கள். மற்ற காய்கள் கொஞ்சம் தாமதமாகப் பழுக்கும்.
- சீக்கிரம் பழுக்க வேண்டுமா? பழுத்த பழம் ஒன்றோடு காயைக் காகிதப் பையில் வையுங்கள்.
- காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும். பிறகு ஒழுங்காகப் பழுக்காது.