மீன்தொட்டியில் நத்தை ஏன் பெருகுகிறது?

மீன்தொட்டியில் நத்தை பெருகிவிட்டால் பெரும்பாலோர் கடையில் போய்க் கேட்பது மருந்து. ஆனால் ஒரு தொட்டியில் எத்தனை நத்தை இருக்கும் என்பதை முடிவு செய்வது, மீன்கள் தின்னாமல் விடும் தீவனம்தான். பெங்களூரை ஒட்டிய அத்திபெலே போன்ற ஊர்களில் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். டேங்கர் லாரி கொண்டுவந்து ஊற்றுவதும் அநேகமாக அதேதான். பாறைக்கு அடியிலிருந்து வரும் அந்தக் கடினநீரில், ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து நத்தைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஓட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை என்றால், பெருக்கத்துக்குக் கடிவாளமாக மிஞ்சுவது இரை ஒன்றுதான். அந்தக் கடிவாளம் தொட்டி வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

அழையாமல் வந்து சேரும் நத்தைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று பைசெல்லா அக்யூட்டா. நகக்கண் அளவுதான் இருக்கும். முனையை மேலே வைத்துப் பிடித்தால் ஓட்டின் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். வட அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது இது. செடியின் இலையடியில் கண்ணாடிபோன்ற பசைக்குள் முட்டைகளை ஒட்டிவைக்கும்; நம் வெப்பநிலையில் அவை ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால், தனியாக மாட்டிக்கொண்ட ஒரே நத்தைகூட இனம் பெருக்கும். துணை கிடைக்குமா என்று சில நாட்கள் முட்டையைத் தள்ளிப்போட்டு, கிடைக்காதபோதுதான் தன் விந்தாலேயே கருவுறும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, 'மலேசியன் டிரம்பெட்' என்ற பெயரில் விற்கப்படும் கூம்பு வடிவ மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா. பெயரில்தான் மலேசியா, டென்மார்க்கின் ஓட்டோ முல்லர் 1774-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது சோழமண்டலக் கரையிலிருந்து கிடைத்த ஓடுகளை வைத்து. இதில் பெரும்பாலானவை பெண்கள். ஆண் துணையின்றியே கருத்தரித்துக் குட்டிகளாக ஈனும். பகலில் சரளைக்குள் புதைந்து, விளக்கணைத்த பிறகே மேலே வரும். கண்ணாடியில் தெரிவதைப்போலப் பல மடங்கு அடியில் இருக்கக்கூடும்.

கையால் பொறுக்கினால் தீராதா என்ற கேள்விக்குப் பதில் இந்த வாழ்க்கைமுறையிலேயே இருக்கிறது. நெருக்கமும் பசியும் கூடும்போது நத்தைகள் முட்டையைக் குறைக்கின்றன, குஞ்சுகளின் வளர்ச்சி தாமதமாகிறது. பாதி நத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தீவனத்தை மட்டும் பழைய அளவிலேயே போட்டுவந்தால், மிச்சமுள்ள ஒவ்வொன்றுக்கும் பங்கு இரட்டிப்பாகிறது. அவை வேகமாக வளர்ந்து அதிகமாக முட்டையிடும். சில வாரங்களில் எண்ணிக்கை பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பொறுக்குவது வீண் என்று சொல்லவில்லை. தீவனத்தைக் குறைத்த பிறகு பொறுக்கினால்தான் அது கணக்கில் நிற்கும்.

மருந்துக்கு வருவோம். நத்தைக்கொல்லிகளில் பலவற்றின் அடிப்படை செம்பு. மலிவாகக் கிடைப்பது மயில்துத்தம். செம்பு நத்தையைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் கடினநீரில் அதன் வீரியம் குறைகிறது. ஒரு பகுதி கார்பனேட்டாகி அடியில் படிந்துவிடுகிறது. நத்தை சாகவில்லையே என்று இன்னொரு சிட்டிகை போடுகிறோம், அதுவும் படிகிறது. பின்னொரு நாள் தண்ணீரின் அமிலத்தன்மை கூடும்போது, படிந்தது கரைந்து மீனின் செவுளைத் தாக்குகிறது. இறால் வளர்க்கும் ஆசையிருந்தால் அந்தச் சரளையை மறந்துவிட வேண்டியதுதான். சரியான அளவே போட்டு எல்லா நத்தையும் ஒரே இரவில் செத்தது என்றே வைத்துக்கொள்வோம். சரளைக்குள் அழுகும் அத்தனை உடல்களிலிருந்தும் அமோனியா கிளம்பும்; அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டிய ஃபில்டர் பாக்டீரியாக்களையும் செம்பு நலிவடையச் செய்திருக்கும். மருந்து போட்ட மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவிப்பதற்கு இது முக்கியக் காரணம். மெலனாய்ட்ஸோ ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

நத்தை தின்னும் மீனை வாங்கி விடுவது இயற்கையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கடுமையான மறுப்பு. கடைகளில் இதற்காகக் காட்டப்படும் வரிக்குதிரை அயிரை, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ் 1920-இல் மைசூர்ப் பகுதித் துங்கை ஆற்றிலிருந்து விவரித்த போட்டியா ஸ்ட்ரியாட்டா. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு மட்டுமே உரிய இந்த மீன், இன்று ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். கேரள ஆறுகளின் குட்டிப் பேத்தை மீனும் அதே பட்டியலில் பாதிக்கப்படக்கூடிய இனமாக இருக்கிறது. ஆற்றிலிருந்து பிடித்து விற்கப்படும் இவற்றை, நாமே கொட்டிய தீவனத்தில் வளர்ந்த நத்தையைத் தின்ன வைப்பதற்காக வாங்குவது நியாயமே இல்லை. 'டேங்க் கிளீனர்' என்று தள்ளிவிடப்படும் சக்கர் மீன் நத்தையைக் கட்டுப்படுத்தாது. தொட்டியை மீறி வளர்ந்து, தன் கழிவால் அழுக்கைத்தான் கூட்டும்.

நத்தை செடியைத் தின்றுவிடும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டுத் தப்பி, ஆசிய நெல்வயல்களில் பெரும் பயிர்க்கேடாகவே மாறியது. தொட்டியின் சின்ன நத்தைகளோ பாசியையும் அழுகிய இலையையும்தான் முக்கியமாக மேய்கின்றன. ஓட்டை விழுந்த இலை பெரும்பாலும் முன்பே வாடியதாக இருக்கும். நோய் பற்றிய கேள்வி இன்னும் கனமானது. தட்டையாகச் சுருண்ட நம் நாட்டு நத்தையான இண்டோபிளானார்பிஸ், மாடுகளின் மூக்கடைப்பு நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியைச் சுமக்கும். அந்த ஒட்டுண்ணியை அனந்த நாராயண ராவ் 1933-இல் சென்னை மாகாண மாடுகளிலிருந்து விவரித்தார். இத்தகைய ஒட்டுண்ணிகளின் இளம்பருவம் மனிதத் தோலிலும் அரிப்பை உண்டாக்கலாம். ஆனால் மாட்டுக்கும் நத்தைக்கும் இடையே சுற்றிவர வேண்டிய அந்தச் சுழற்சி வீட்டுத் தொட்டிக்குள் நடப்பதில்லை. ஏரியிலிருந்து வேலம்பாசியை அள்ளிவந்து நேராகத் தொட்டியில் போடும்போதுதான் ஆபத்து.

ஆகவே புதிதாகக் கொண்டுவரும் செடியைத் தனி வாளியில் மூன்று வாரம் வைத்து, இலையடியில் பசைத்திட்டு தென்பட்டால் நகத்தால் வழித்துவிட்டுத் தொட்டிக்குள் விடலாம். படிகாரக் கரைசலில் ஊறவைப்பதும் உதவும். ஆனாலும் பசை முட்டையைக் காப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீவனம் போட்டு, வாரத்தில் ஒரு நாள் பட்டினி விட்டாலும் ஆரோக்கியமான பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது. சரளையில் தங்கிய கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை அடியில் வைத்தால் காலையில் நத்தைகள் மொய்த்திருக்கும், துண்டோடு எடுத்துவிடலாம். அப்படி எடுத்தவற்றையும் தொட்டியின் பழைய நீரையும் ராஜகால்வாய் எனப்படும் மழைநீர்க் கால்வாயிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் தென்பெண்ணைக்குப் போகிறது. வெளிநாட்டு பைசெல்லா ஒன்றே ஒன்று போனாலும் அங்கே இனம் பெருக்கக்கூடும். நீரைப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றலாம், நத்தைகளை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து மண்ணில் புதைக்கலாம்.